நெஞ்சுக்கு ஏறிய அரைஞாண்கயிறு

ஆம்புலன்ஸின் பின்கதவு திறந்து கிடந்தது. வண்டி உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே அம்மாவின் மடியில் இரண்டு வயதுப் பையன் உட்கார்ந்திருந்தான். கன்னம் முழுக்கக் கண்ணீரும் மூக்குச்சளியும். ஆனால் எட்டி எட்டி டிரைவரின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவனைத் தவிர அங்கே எல்லோருக்கும் அழுகிற முகம்.

அவனை மதுரைக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே மயக்க மருந்து கொடுத்து, தொண்டை வழியாகக் குழாயை விட்டு, விழுங்கிய பேட்டரியை எடுக்க வேண்டும். பொத்தான் மாதிரி இருக்குமே, பொம்மைகளில் போடுகிற வட்டப் பேட்டரி, அது. உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால் சதையை அரித்துவிடும். ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு.

நான் எக்ஸ்ரே அறை வாசலில் நின்றேன். அவன் நெஞ்சில் தெரிந்தது பேட்டரியே இல்லையோ என்ற சந்தேகம் அந்தக் கட்டடத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் வந்திருந்தது. அது மட்டுமா? அந்த வட்டம் அவன் நெஞ்சுக்கு ஏறியதற்குக் காரணமே நான்தான்.

இப்போது நினைத்தால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்றைக்கு வந்தது சிரிப்பில்லை. 

சத்தம் இல்லாத ஆள்

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு என்னைத் தெரியும். புதிதாகப் பிரிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். திண்டுக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பகுதிக்கு நான் ஆயா. படித்தது அஞ்சாப்பு. இந்த வேலைக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. எல்லோருக்கும் நான் ஆயாம்மா.

பெரியவர்களிடம் பேசுவதென்றால் எனக்கு உடம்பு கூசும். கல்யாணமான புதிதில் என் மாமியார் எனக்குக் காது கேட்காது என்று ஒரு மாதம் நம்பியிருந்தார். கேள்வி கேட்டால் தலையை ஆட்டுவேன், இல்லாவிட்டால் முந்தானையைத் திருகுவேன். டாக்டர்கள் கூடி நிற்கிற இடத்தைத் தாண்ட வேண்டியிருந்தால், சுற்றிக்கொண்டு சமையல்கட்டு வழியாகப் போவேன். அந்தப் பக்கம் போனால் டீ கிடைக்கும் என்பது வேறு விஷயம்.

பிள்ளைகளிடம் மட்டும் இந்தக் கூச்சம் கிடையாது. ஒரு வயதுக் குழந்தையும் நானும் உட்கார்ந்தால் மதியம் வரைக்கும் பேசுவோம்.

எக்ஸ்ரே அறைக்குள் வருகிற குழந்தைக்கு அங்கே இருக்கிற எதையுமே பிடிக்காது. அறை குளிரும். தலைக்கு மேலே ஒட்டகம் மாதிரி ஒரு மெஷின் கழுத்தை நீட்டும். படுக்கிற பலகை பனிக்கட்டி. பெற்ற தாயே பச்சை நிறத்தில் கனமான ஈய அங்கியை மாட்டிக்கொண்டு வேற்று ஆளாக வந்து நிற்பாள். அழாமல் என்ன செய்யும்?

அதனால் பலகையில் துண்டை விரித்து உள்ளங்கையால் தேய்த்துச் சூடு பண்ணுவேன். ஒட்டகத்துக்கு முதலில் வணக்கம் சொல்ல வைப்பேன். நெஞ்சுப் படம் என்றால் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். மூன்று வயதுப் பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது? "பிரியாணி வாசம் வருது பாரு, இழு இழு" என்பேன். நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. மூக்கை விடைத்துக்கொண்டு இழுக்கும் பாருங்கள், நெஞ்சு பலூன் மாதிரி விரியும்.

அரைஞாண் சண்டை

எங்கள் பகுதியில் நாள்தோறும் நடக்கிற சண்டை ஒன்று இருந்தது. அது அரைஞாண்கயிற்றுச் சண்டை.

நம் பக்கத்துக் குழந்தைகளின் இடுப்பில் கயிறு இல்லாத நாள் உண்டா? சிவப்போ கறுப்போ ஒரு கயிறு. அதில் வெள்ளி மணி, தாயத்து, நாய் உருவம் பொறித்த நாய்க்காசு, தர்காவில் ஓதிக் கட்டிய தகடு, பழனியில் வாங்கிய குட்டி வேல் என்று அவரவர் நம்பிக்கை தொங்கும். பிறந்து கட்டிய நாளிலிருந்து குழந்தையின் இடுப்பு வெறுமையாக இருக்கக் கூடாது. குளிப்பாட்டும்போதும் கழற்ற மாட்டார்கள்.

எக்ஸ்ரேக்கு இந்த நம்பிக்கையெல்லாம் தெரியாது. உலோகம் இருந்தால் வெள்ளையாகக் காட்டும். வயிற்றைப் படம் எடுத்தால் குடலுக்கு நடுவில் ஒரு வேல் நிற்கும். அப்புறம் இன்னொரு படம் எடுக்க வேண்டும்.

படம் எடுக்கிற டெக்னீஷியன் ஜெரால்டு தம்பி. வத்தலக்குண்டுக்காரர். நல்ல பிள்ளை, ஆனால் காலையில் டீ குடிக்காவிட்டால் கோபக்காரர். "எல்லாத்தையும் கழட்டுங்க" என்று உள்ளேயிருந்து கத்துவார். அம்மாக்கள் வளையலையும் கம்மலையும் கழற்றுவார்கள். அம்மாவுடையதை! குழந்தையின் கயிற்றில் கை வைக்க மாட்டார்கள்.

"அதையும் கழட்டணும்மா."

"அது ஒன்னும் செய்யாது சார். சின்ன தாயத்துதான்."

"படத்துல மறைக்கும்மா."

"மறைக்காம நான் பிடிச்சுக்கிறேன் சார்."

இப்படியே போகும். சிலர் கழற்றிவிட்டேன் என்று பொய் சொல்லி டயபருக்குள் செருகிவிடுவார்கள். படம் பாழ். மறுபடியும் குழந்தையைப் படுக்க வை, மறுபடியும் அழ வை. வெளியே வரிசை, பக்கத்து ஊர் அகரத்துக்குப் போகிற பஸ் மாதிரி நெருக்கும்.

படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறவர் சுகந்தி டாக்டரம்மா. திரும்பத் திரும்ப எடுத்தால் அவருக்கு மனசு கேட்காது. "பச்சப்புள்ளைக்கு ஒரு படம் போதும்னா ஒன்னுதான் எடுக்கணும். தேவையில்லாம ஒரு துளி கதிர்கூடப் படக்கூடாது" என்று ஜெரால்டு தம்பியிடம் சொல்வார். தம்பி அம்மாக்களிடம் கத்துவார். அம்மாக்கள் குழந்தையிடம் கத்துவார்கள். குழந்தை ஒட்டகத்திடம் கத்தும்.

என் சொந்தக் கண்டுபிடிப்பு

ஒருநாள் வெளிப் பெஞ்சில் ஒரு குழந்தைக்கு ஜட்டி மாற்றிக்கொண்டிருந்தேன். கயிறு லேசாக மேலே ஏறியது. அப்போது மண்டைக்குள் விளக்கு எரிந்தது.

கயிற்றை எதற்குக் கழற்ற வேண்டும்? வயிற்றுப் படம் என்றால் கயிற்றை நெஞ்சுக்கு ஏற்றிவிடு. நெஞ்சுப் படம் என்றால் தொடைக்கு இறக்கிவிடு. படத்திலும் விழாது, குழந்தையின் உடம்பை விட்டும் போகாது. சண்டை தீர்ந்தது!

எனக்கே என்னை நினைத்து ஆச்சரியமாக இருந்தது. பாத்ரூமுக்குப் போய்க் கண்ணாடியைப் பார்த்து ஒருதடவை சிரித்துக்கொண்டேன்.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு வாய் வேண்டுமே. பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற அம்மாக்களின் காதில் மட்டும் கிசுகிசுப்பேன். "வயித்துக்குன்னா மேல, நெஞ்சுக்குன்னா கீழ." அவர்கள் முகம் மலரும். என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். பக்கத்தில் இருப்பவளுக்கு அவர்களே சொல்லிக் கொடுப்பார்கள். பிறகு பஸ்ஸில், சந்தையில் சொல்வார்கள் போலிருக்கிறது. முதல்தடவை வருகிறவர்கள்கூட, "தெரியும் ஆயாம்மா, எங்க நாத்தனா சொன்னா" என்று தாங்களே ஏற்றிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள்.

திரும்ப எடுக்கிற படங்கள் மளமளவென்று குறைந்தன. மாதக் கூட்டத்தில் சுகந்தி டாக்டரம்மா ஜெரால்டு தம்பியை எழுப்பி நிற்க வைத்துக் கைதட்டச் சொன்னார். தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. "நான் கொஞ்சம் கண்டிப்பா இருந்தேன் மேடம், அதான் ஜனங்க திருந்திட்டாங்க" என்று சொல்லிவிட்டு, எல்லோருக்கும் மைசூர்பாக்கு வாங்கிக் கொடுத்தார். கடைசி வரிசையில் நின்று நானும் ரெண்டு தின்றேன். நல்ல நெய்.

ஒரு வட்டம், ரெண்டு புள்ளி

ஆம்புலன்ஸுக்கு வருவோம்.

பையன் பெயர் கவின். சித்தையன்கோட்டைப் பக்கம் விவசாயக் குடும்பம். அன்றைக்குக் காலையில் அவனுடைய பாட்டுப்பாடும் பொம்மைக் கார் பாடாமல் போயிருக்கிறது. திருப்பிப் பார்த்தால் மூடி திறந்திருக்கிறது, பேட்டரியைக் காணோம். "தம்பி முழுங்கிட்டான்" என்று சொன்னது அவனுடைய அக்கா தர்ஷினி. ஒன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நின்றவளை, கண்ணால் கண்ட சாட்சி என்று சீருடையோடு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார்கள். அப்பா வீட்டில் தங்கித் தேடுகிறார். கூட வந்தது அவன் அம்மா முத்துலட்சுமியும், அப்பாவின் அக்கா பேச்சியம்மாளும்.

பேச்சியம்மாளை எனக்கு முன்னமே தெரியும். சில மாதத்துக்கு முன்னால் இதே கவினுக்கு வயிறு உப்பிக்கொண்டது என்று தூக்கி வந்திருந்தார். அவனுடைய கயிற்றில் மூடி போட்ட வட்டமான டப்பி மாதிரி ஒரு தாயத்து, ரெண்டு பக்கமும் பொடி மணி ஒவ்வொன்று. நான்தான் நெஞ்சுக்கு ஏற்றிவிட்டேன். "யக்கா, நீ மகராசியா இருப்ப" என்று என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

இந்தத் தடவை அவர்கள் வந்தபோது நான் அங்கே இல்லை. ஒரு பெரியவரைத் தள்ளுவண்டியில் வார்டுக்குக் கொண்டுபோயிருந்தேன்.

நான் இல்லாவிட்டால் என்ன? பாடம்தான் படித்தாகிவிட்டதே. பேச்சியம்மாள் தானாகவே கயிற்றை நெஞ்சுக்கு ஏற்றிப் பனியனை இழுத்துவிட்டிருக்கிறார். "கயிறெல்லாம் கழட்டியாச்சா?" என்று ஜெரால்டு தம்பி கேட்டிருக்கிறார். "ஆச்சு சார்." தம்பி இடுப்பைப் பார்த்திருக்கிறார், வெறும் இடுப்பு. பட்டன் இல்லாத பனியன்தானே என்று, உதைத்துக் கத்துகிற பையனை அதோடு படுக்க வைத்து எடுத்துவிட்டார்.

இங்கேதான் வினை. வயிற்றுவலிக்கு வயிற்றை மட்டும் எடுப்பார்கள். விழுங்கின பிள்ளைக்கு வாயிலிருந்து ஆசனவாய் வரைக்கும் ஒரே படமாக எடுப்பார்கள், பொருள் எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டும் அல்லவா? என்னுடைய மேலே கீழே பாடத்தில் இந்தப் படம் இல்லவே இல்லை.

நான் திரும்பி வந்தபோது கம்ப்யூட்டரைச் சுற்றிக் கூட்டம். எட்டிப் பார்த்தேன். நெஞ்சுக்கு நடுவில் பளிச்சென்று வெள்ளை வட்டம். அதன் விளிம்புக்குள் இன்னொரு விளிம்பு.

"ரெட்டைக் கோடு தெரியுது பாருங்க. பேட்டரிதான். காசுன்னா ஒத்தைக் கோடுதான் இருக்கும்" என்றார் டாக்டரம்மா. போன் காதில் இருந்தது. "மதுரைல ரெடியா இருக்கச் சொல்லிட்டேன். உடனே கிளம்புங்க."

"மேடம், பக்கத்துல ரெண்டு புள்ளி தெரியுதே?" என்றார் ஜெரால்டு தம்பி.

"பொம்மைல இருந்து வேற என்னமோ சேத்து முழுங்கியிருக்கான். நிக்க நேரம் இல்ல."

"நல்ல பசி போல" என்றார் தம்பி.

ஒரு வட்டம். ரெண்டு பக்கமும் ஒவ்வொரு புள்ளி. இந்த வரிசையை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்.

ஓட்டம்

வாசலில் நின்று என்ன நினைத்தேன் என்றால், சொன்னால் வேலை போய்விடும் என்று நினைத்தேன். இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். அடுத்ததாக அதைவிட மோசமாக ஒன்று தோன்றியது. என் சந்தேகம் தப்பாக இருந்தால்? உள்ளே நிஜமாகவே பேட்டரி இருந்து, என்னால் வண்டி நின்றுவிட்டால்? சொல்லாமல் இருந்தால் தாயத்துக்காக ஒரு குழந்தையின் தொண்டையில் குழாய் இறங்கும். ரெண்டு பக்கமும் பள்ளம்.

டிரைவர் கதவைச் சாத்தப் போனார். நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

அதனால் ஓடினேன். என் வயதுக்கு அதை ஓட்டம் என்று சொல்லலாமா தெரியவில்லை. செருப்பு ஒன்று படியிலேயே தங்கிவிட்டது. சாத்தப்போன கதவுக்குள் கையை விட்டு, வண்டிக்குள் பாதி உடம்பைச் செருகி, கவினுடைய பனியனைக் கழுத்து வரைக்கும் தூக்கினேன்.

அங்கே இருந்தது. நெஞ்சுக்குழிக்கு மேலே கறுப்புக் கயிறு, வட்டத் தாயத்து, பக்கத்துக்கு ஒரு மணி.

டிரைவர் குனிந்து பார்த்தார். முத்துலட்சுமி குனிந்து பார்த்தாள். கவினும் குனிந்து பார்த்தான்.

"டாக்டரம்மா!" என்று ஒரு சத்தம் கேட்டது. யாரோ கத்துகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். நான்தான் கத்தியிருக்கிறேன்.

சிவப்பு ரிப்பன்

சுகந்தி டாக்டரம்மா ஓடி வந்தார். தாயத்தைப் பார்த்தார். ஒரு விநாடி கண்ணை மூடினார்.

"இது இருக்குங்கறதுக்காக உள்ள ஒன்னும் இல்லன்னு அர்த்தமில்ல. இதக் கழட்டிட்டு இன்னொரு படம். ரெண்டே நிமிஷம். வண்டி ஓடிக்கிட்டே இருக்கட்டும்" என்றார்.

கத்தரிக்கோலோடு ஜெரால்டு தம்பி வந்தார். பேச்சியம்மாள் குறுக்கே விழுந்தார்.

"எங்க மருமகன் இடுப்பு வெறும் இடுப்பா இருக்கக்கூடாது! ஏற்கெனவே கண்டம் வந்து நிக்கிது, இன்னும் என்ன வரணும்?"

"ஏம்மா, புள்ள உயிரு முக்கியமா கயிறு முக்கியமா?"

"உயிருக்குத்தான் சார் கயிறே கட்டியிருக்கு!"

அவர் சொன்னது எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

கத்தரிக்கோலும் தாயத்தும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தபோது, வீட்டில் நாமெல்லாம் செய்கிற காரியம் எனக்கு நினைவு வந்தது. கயிறு நைந்துபோனால் என்ன செய்வோம்? புதுசைக் கட்டிவிட்டுத்தானே பழசை அறுப்போம்! இத்தனை வருஷமாக இதே அறையில் நின்றுகொண்டு, ஏற்றுவதையும் இறக்குவதையும் யோசித்தேனே தவிர, இதை யோசிக்கவில்லையே.

"புதுசு கட்டிருவோம் பேச்சியம்மா. கட்டிட்டு அப்பறம் பழச எடுப்போம்" என்றேன்.

பேச்சியம்மாள் நின்றார். "அது சரி. அது ஆகும். கயிறு?"

ஒருத்தரிடமும் கயிறு இல்லை. நர்ஸ் பேண்டேஜ் துணியை முறுக்கி நீட்டினாள். "வெள்ளை ஆகாது" என்றார் பேச்சியம்மாள். தம்பி தன் ஷூவின் கறுப்பு நாடாவை அவிழ்க்கக் குனிந்தார். "செருப்புல கட்டுனதையா புள்ள இடுப்புல கட்டுவ? நீயெல்லாம் படிச்சவனா?" தம்பி நிமிர்ந்துவிட்டார்.

அப்போது எல்லோர் கண்ணும் ஒரே இடத்துக்குப் போனது. தர்ஷினியின் ரெட்டைச் சடை. ரெண்டிலும் சிவப்பு ரிப்பன்.

"என் ரிப்பனத் தரமாட்டேன்! மிஸ் அடிப்பாங்க!"

"மிஸ்ஸுகிட்ட நான் சொல்றேன் கண்ணு" என்று டாக்டரம்மாவே மண்டி போட்டுக் கேட்டார். அவள் யோசித்து, ஒற்றைச் சடையை மட்டும் நீட்டினாள். நான் அவிழ்த்தேன். பேச்சியம்மாள் குலசாமியை முணுமுணுத்துக்கொண்டு கவினின் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டார். பிறகு பழைய கயிற்றைத் தானே அவிழ்த்துத் தன் உள்ளங்கையில் மூடிக்கொண்டார். கத்தரிக்கோலுக்கு வேலையே இல்லை.

இடுப்பில் சிவப்பு ரிப்பன் பூ மாதிரி விரிந்திருக்க, வேறு துணியே இல்லாமல் கவின் பலகையில் படுத்தான். ஒட்டகத்துக்கு வணக்கம் வைத்தான். அழவில்லை.

கம்ப்யூட்டரில் படம் மேலேயிருந்து கீழே வந்தது. வாய், கழுத்து, நெஞ்சு, வயிறு. எலும்புகள் கோழிக்குஞ்சு மாதிரி. நடுவில் எதுவும் இல்லை. வட்டமும் இல்லை, புள்ளியும் இல்லை. குடலில் கொஞ்சம் காற்று.

"வண்டிய நிறுத்தச் சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா.  முத்துலட்சுமி அப்படியே தரையில் உட்கார்ந்து, இதுவரைக்கும் அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள்.

அவள் அழுது முடிப்பதற்குள் போன் வந்தது. கவினுடைய அப்பா. ஸ்பீக்கரில் போட்டாள்.

"கிடைச்சிருச்சு புள்ள! ஃபிரிட்ஜ் கதவுல, அந்தக் காந்தப் படத்துக்கு ஓரத்துல கப்புனு ஒட்டிக்கிட்டு இருக்கு!"

எல்லோரும் தர்ஷினியைப் பார்த்தோம்.

"நாந்தான் ஒட்டுதான்னு பாத்தேன்" என்றாள் அவள்.

"அப்பறம் ஏன்டி தம்பி முழுங்கிட்டான்னு சொன்ன?"

"அவந்தான் எல்லாத்தையும் முழுங்குவான்" என்றாள், ஒற்றைச் சடையை ஆட்டிக்கொண்டு.

யார் சொல்லிக் கொடுத்தது

சிரிப்பு அடங்கியபிறகு டாக்டரம்மா பேச்சியம்மாளை நாற்காலியில் உட்காரவைத்தார்.

"கோவிச்சுக்கல. தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன். கயித்த நெஞ்சுக்கு ஏத்தச் சொன்னது யாரு?"

பேச்சியம்மாள் என்னைப் பார்க்கவே இல்லை. மின்விசிறியைப் பார்த்தார். "யாரும் சொல்லல டாக்டர். அது எங்க ஊரு வழக்கம்."

"வழக்கமா?"

"ஆமா. ஆஸ்பத்திரின்னா நாங்க மேல ஏத்திருவோம். தலமுற தலமுறையா."

"தலைமுறை தலைமுறையா எக்ஸ்ரேவுக்கா?" என்றார் ஜெரால்டு தம்பி.

எனக்காகப் பொய் சொல்கிறார் என்று புரிந்தது. நான் சும்மா இருந்திருந்தால் அது அத்தோடு போயிருக்கும். ஆனால் அகரத்திலும் சித்தையன்கோட்டையிலும் எத்தனை வீட்டில் எத்தனை பேர் என் பாடத்தை நம்பிக்கொண்டிருக்கிறார்களோ. அடுத்த பிள்ளை வரும்போது நான் தள்ளுவண்டியோடு எங்கே இருப்பேனோ.

"நான்தான் டாக்டரம்மா" என்றேன்.

பேச்சியம்மாள் மின்விசிறியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"வயித்துக்குன்னா மேல, நெஞ்சுக்குன்னா கீழன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"எத்தன பேருக்கு?"

விரலை விரித்து எண்ணிப் பார்த்தேன். பத்து விரலும் முடிந்துவிட்டது. கையை இறக்கிவிட்டேன். "வந்தவங்க எல்லாருக்கும்."

டாக்டரம்மா கையிலிருந்த பைலால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஐயோ, அழ வைத்துவிட்டோமே என்று எனக்குக் கண் கலங்கியது. பைலை இறக்கினார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

"அப்ப நான் வாங்கிக் குடுத்த மைசூர்பாக்கு?" என்றார் ஜெரால்டு தம்பி, பரிதாபமாக.

"ரெண்டு தின்னேன் தம்பி" என்றேன். வேறு என்ன சொல்ல?

பிறகு டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகத்தை இறுக்கிக்கொண்டார். "சிரிப்பு ஒரு பக்கம் ஆயாம்மா. இன்னிக்கு அந்தப் புள்ள தேவையில்லாம மயக்க மருந்து வாங்கியிருக்கும். நீங்க யோசிச்சது தப்பில்ல. அத எங்க யாருக்கும் சொல்லாம வச்சிருந்ததுதான் தப்பு." ஜெரால்டு தம்பியைத் திரும்பிப் பார்த்தார். "ஏன் திடீர்னு படமெல்லாம் நல்லா வருதுன்னு நாங்களும் உங்ககிட்ட கேக்கல. அது எங்க தப்பு."

அவர் அதைச் சொன்னபோது நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஒற்றைச் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

புது முறை

மறுவாரமே எக்ஸ்ரே அறை வாசலில் ஒரு டப்பா வந்தது. சிவப்புக் கயிறும் கறுப்புக் கயிறும் உருண்டை உருண்டையாக. புதுசைக் கட்டு, பழசைக் கழற்று, கழற்றியதை அம்மாவின் உள்ளங்கையிலேயே கொடு. தட்டில் வைக்காதே, மேஜையில் வைக்காதே. சாமி காரியத்தை ஊசியும் பஞ்சும் கிடக்கிற இடத்தில் போட்டால் யாருக்குத்தான் மனசு வரும்? இதை நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல டாக்டரம்மா எழுதிக்கொண்டார். வார்டிலிருந்து வருகிற எக்ஸ்ரே சீட்டிலும் 'கயிறு' என்று ஒரு கட்டம் போட்டார்கள். படிக்கத் தெரியாத அம்மாக்களுக்கு, கயிறு கட்டிய குழந்தைப் படம் ஒன்று சுவரில். அந்தக் குழந்தைக்குத் தொப்பை கொஞ்சம் அதிகம்.

சண்டை நின்றே போனது. புதுக்கயிறு கிடைக்கிறதென்று இருமல் இல்லாத பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

இதெல்லாம் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கடைசியாக டாக்டரம்மா ஒன்று சேர்த்தார் பாருங்கள், அதில்தான் எனக்கு வேர்த்துவிட்டது. குழந்தையைத் தலையிலிருந்து கால் வரைக்கும் நான் தடவிப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு ஈயத் தடுப்புக்குப் பின்னால் போய் நின்று, 'எடுக்கலாம்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நான் சொல்லாமல் ஜெரால்டு தம்பி பொத்தானை அமுக்கக் கூடாது.

"எனக்குச் சத்தம் வராது டாக்டரம்மா. தலையாட்டுறேனே?"

"அன்னிக்கு ஆம்புலன்ஸ்ல இருந்து கத்துனது மூணாம் மாடி வரைக்கும் கேட்டுச்சு."

முதல் நாள். அகரத்திலிருந்து இருமலோடு ஒரு மூன்று வயதுப் பெண்குழந்தை. அம்மா ஈய அங்கியை மாட்டிக்கொண்டு அதன் கையைப் பிடித்து நின்றாள். கதவுக்கு வெளியே பெஞ்ச் நிறைய ஆட்கள். நான் தடவிப் பார்த்தேன். கழுத்து சரி, நெஞ்சு சரி, இடுப்பில் புதுக்கயிறு, பழசு அம்மாவின் கைக்குள். தடுப்புக்குப் பின்னால் போனேன்.

"ஆயாம்மா, எடுக்கலாமா?" கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஜெரால்டு தம்பி கேட்டார்.

தலையை ஆட்டினேன்.

"ஆட்டுறது தெரியல."

தெரியும். நன்றாகவே தெரியும். தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பது எனக்கும் தெரிந்தது.

"எடுக்கலாம்" என்றேன்.

"கேக்கல."

"எடுக்கலாம் தம்பி."

"இன்னும் கேக்கல."

கதவுக்கு வெளியிலிருந்து ஒரு பெரியம்மாளின் குரல் வந்தது. "செத்த சத்தமாத்தான் சொல்லேன்த்தா! எங்களுக்கு பஸ்ஸு இருக்குல்ல!"

எனக்கு வந்ததே ஆத்திரம். முந்தானையை இடுப்பில் செருகினேன்.

"எடுக்கலாம்!"

கண்ணாடி அதிர்ந்தது என்று பிற்பாடு சொன்னார்கள். நான் போட்ட சத்தத்தில் அந்தக் குழந்தை வாயைப் பிளந்து, மூச்சை உள்ளே இழுத்து, அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தது. தம்பி அமுக்கினார்.

நெஞ்சு நிறைய மூச்சோடு, ஒரே தடவையில், அப்படி ஒரு படம்.